வான்கோழிச் சேவலைப் பாடம் செய்ய என்ன செலவாகும்?

செத்துப்போன வான்கோழிச் சேவலைப் பாடம் செய்து, உயிரோடு நிற்பது போல வீட்டில் நிறுத்தி வைக்க எவ்வளவு ஆகும்? பல்லடத்துக்குத் தெற்கே பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் பாயும் ஒரு தோட்டத்துச் சாளையில், பங்குனி மாதத்து இரவொன்றில் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவன் கோவையில் பாலிடெக்னிக் படிக்கும் பேரன். ஆசையில் கேட்ட கேள்விதான். ஆனால் விடியும் வரை வீட்டில் யாரையும் தூங்க விடவில்லை.

அந்தச் சேவல் அவனுடைய அப்பாரு வாங்கியது. ஐந்து வருடம் முன்பு வாரச்சந்தைக்கு எருமைக்கயிறு வாங்கப் போனவர், கயிற்றை மறந்துவிட்டு ஒரு ஜோடி வான்கோழிக் குஞ்சோடு வந்து இறங்கினார். வீட்டில் நல்ல வசவு கிடைத்தது. சேவல் வளர்ந்து ஒன்பது கிலோவைத் தாண்டியது. வான்கோழிச் சேவலுக்கு ஒரு குணம் உண்டு. திடீரென்று பெருஞ்சத்தம் கேட்டால் பதிலுக்குக் கொக்கரிக்கும். இடி, வெடி, லாரி ஹாரன், எதுவானாலும் சரி. அப்பாரு டி.வி.எஸ். 50-ல் வந்து இட்டேரி முக்கில் ஹாரன் அடிப்பார், இது கட்டுத்தரையிலிருந்து பதில் கொடுக்கும். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. வண்டியை இப்போது மகன் ஓட்டுகிறார். அதே ஹாரன், அதே பதில். அப்பத்தா அடுப்படியிலிருந்து ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்ப்பார். ஏன் பார்க்கிறார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மூன்று நாளாகச் சேவல் தீனி எடுக்கவில்லை. இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. எச்சம் கந்தக மஞ்சளாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்து மோரும் சின்ன வெங்காயமும் கொடுத்தார்கள். நான்காம் நாள் இரவு பதினொரு மணி வாக்கில் செத்துப்போனது.

“அப்பாரு வாங்கியாந்த சாவலுங்க அப்பத்தா. சும்மா குழியில போட்டு மூடிப்போடுவீங்களா? அமெரிக்காவுல பாருங்க, காட்டு வான்கோழிய எப்படி நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு” என்று பேரன் போனைக் காட்டினான்.

அவன் காட்டியது உண்மைதான். வான்கோழியின் சொந்த ஊர் வட அமெரிக்கா. அங்கே காட்டு வான்கோழி உண்டு. நூறு வருடத்துக்கு முன்பு வேட்டையாலும் காடு அழிந்ததாலும் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, பிறகு காப்பாற்றி விட்டதில் இன்று லட்சக்கணக்கில் பெருகிவிட்டது. உரிமம் வாங்கி, அதற்கென்று விட்ட பருவத்தில் சுடலாம். சுட்டவர்களில் சிலர் அதைப் பாடம் செய்து சுவரில் மாட்டுவார்கள். ஒரு முழுச் சேவலை விரித்த வாலோடு நிறுத்துவதற்கு அங்கே ஐந்நூறு அறுநூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் வாங்குகிறார்கள். நம் பணத்தில் அரை லட்சத்துக்குக் குறையாது. கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு வாங்குவதற்குக் காரணம் உண்டு. பாடம் செய்வது என்றால் உடலை அப்படியே உப்புக்கண்டம் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நிற்பது தோலும் இறகும் மட்டுமே. தோலைக் கிழியாமல் உரித்து, ஒட்டியிருக்கும் கொழுப்பை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, சோப்பில் அலசி, காற்றடித்து இறகை உலர்த்தி, வெண்காரம் போன்ற பொடி தடவி, நுரைப்பொருளால் செய்த ஒரு பொம்மை உடம்பின் மேல் போர்த்தித் தைக்கிறார்கள். காலுக்குள் கம்பி போகும். கண் கண்ணாடி. வான்கோழிக்குக் கொழுப்பு அதிகம், அதனால் வேலையும் அதிகம். இன்னொரு சங்கடம், தலை. இறகில்லாத அந்தத் தலையும் கழுத்தும் உயிரோடு இருக்கும்போது கோபத்தில் சிவக்கும், பயத்தில் வெளிறும், நீலம் பாயும். செத்தால் எல்லாம் போய்விடும். அதனால் வார்ப்புத் தலை செய்து வண்ணம் பூசி ஒட்டுவார்கள். நமக்குப் பழகிய முகம் அதில் இருக்காது.

நம் பக்கம் இந்தத் தொழில் இல்லாமல் இல்லை. மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் ஏறக்குறைய நூறு வருடம் இதைச் செய்தார்கள். மகாராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைகளும் சுட்ட புலி, சிறுத்தை எல்லாம் அங்கேதான் போயின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை நின்றது, தொழிலும் சுருங்கியது, 1999 வாக்கில் மூடிவிட்டார்கள். பாடம் செய்த விலங்குகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கோவை ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1902-ல் தொடங்கியது. போனால் தொட்டுப் பார்க்க வேண்டாம். பழைய காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கப் பாஷாணம் கலந்த சோப்பைத் தோலில் தடவுவது வழக்கம்.

இப்போது நாட்டில் பெயர் சொல்லும்படி இருப்பது மும்பை போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-ல் தொடங்கிய மையம். கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சந்தோஷ் கெய்க்வாட் அதில் செய்த வேலைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. பல்லடத்திலிருந்து அவ்வளவு தூரம் ஒரு சேவலை ஐஸில் வைத்துக் கொண்டுபோவதென்றால் போக்குவரத்துச் செலவே சேவல் விலையைப் போல் பல மடங்கு. பேரன் அன்று இரவே வேறொரு எண்ணைத் தேடிப் பிடித்தான். பேசியவர் 45,000 ரூபாய் என்றார், பாதியை இப்போதே அனுப்பச் சொன்னார். உரிமம் இருக்கிறதா என்று கேட்டதும் போன் துண்டானது.

அதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வந்துவிட்டார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரியும். “இதுக்கு எதுக்கு கண்ணு அத்தன காசு? மக்காச்சோளக் காட்டுல மயில் ஒண்ணு செத்துக் கெடக்குது. அதப் பண்ணி வெச்சா இன்னும் அழகா இருக்குமல்லோ” என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மயில் 1963 முதல் தேசியப் பறவை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றாலோ, உடலை வைத்திருந்தாலோ மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஏழு வருடம் வரை சிறை. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அபராதத்தின் கீழ்வரம்பையும் 25,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். தானாகச் செத்துக் கிடந்ததுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. காட்டுயிர் எங்கே செத்துக் கிடந்தாலும், யார் காட்டில் கிடந்தாலும், அது அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். தொடாமல் தகவல் சொல்லிவிடுவதே நல்லது. தானாக உதிர்ந்த தோகையைப் பொறுக்குவது வேறு, உடலை எடுப்பது வேறு. மயிலால் பயிர் போகிறது என்று நம் விவசாயிகள் படும் பாடு நிஜம், அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு மயிலை மச்சு வீட்டு அலமாரியில் நிறுத்தி வைத்தால், எப்படிச் செத்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் வளர்த்த வான்கோழிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது நாட்டுக்கோழி மாதிரி வளர்ப்புப் பறவை. பாடம் செய்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது. ஆகவே அந்த வீட்டில் மிச்சமிருந்தது பணம் மட்டும் என்றுதான் பேரன் நினைத்தான். வேலைக்குப் போனதும் மாதாமாதம் கட்டிவிடுவதாகவும் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சாளையிலிருந்து இருநூறு அடி தள்ளி ஒரு கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது. மருமகள் பெயரில் கடன் வாங்கிக் கட்டியது. உள்ளே 5,000 குஞ்சு, பதினெட்டு நாள் வயது. பல்லடத்துக்காரர்களுக்கு ஒப்பந்தப் பண்ணையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது, கொட்டகையும் கரண்டும் உழைப்பும் நம்முடையது. சாவு கூடினால் வளர்ப்புக்கூலி குறையும். அந்தப் பட்டியில் வரும் கூலியில்தான் கடன் தவணை கட்ட வேண்டும்.

“அத்தை, எதனால செத்துச்சுன்னு தெரியாம சாவல அறுத்து உரிக்க வேண்டாமுங்க. வெள்ளைக்கழிச்சலா இருந்தா? பறவைக் காய்ச்சலா இருந்தா? நானு பட்டிக்குள்ள எந்தக் காலோட போவேன்?” என்று மருமகள் கேட்டார்.

அவர் அன்று மாலை சேவலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அதே செருப்போடுதான் பண்ணைக்குப் போயிருந்தார். அது வேறு மனதை அரித்துக்கொண்டிருந்தது.

பாடம் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, பறவையை உடனே பிரீசரில் வை என்பதுதான். நம் பங்குனி வெயிலுக்குச் சில மணி நேரத்தில் வயிற்றுத் தோல் பச்சை பூத்துவிடும், பிறகு இறகு கையோடு வரும். தலையை இறக்கைக்குள் மடக்கி, வால் ஒடியாமல் பாலித்தீனில் சுற்றி உறைய வைக்க வேண்டும். ஆனால் எதனால் செத்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய கால்நடை மருத்துவருக்கு உறைந்த பறவை உதவாது. உள்ளுறுப்பில் இருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது திசு உடைந்துவிடும். ஈரலில் நோய் காட்டும் அடையாளம் எது, பனி செய்த சேதம் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். அவருக்கு வேண்டியது ஐஸில் குளிர்ந்த, ஆனால் உறையாத உடல். அதுவும் சீக்கிரம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். இரவு பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டில் முடிவு செய்ய வேண்டியிருந்தது அதைத்தான்.

பிரீசர் இருந்தது பங்காளியின் மைத்துனர் நடத்தும் கறிக்கடையில். கேட்டால் கொடுத்துவிடுவார். நோயில் செத்த பறவையை நாளைக்கு ஊருக்கு விற்கப் போகும் கறியோடு வைப்பதா என்று யாரோ கேட்டார்கள். பேரன் அதற்குமேல் பிரீசரைப் பற்றிப் பேசவில்லை.

அப்பத்தா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. செத்த சேவலின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தார். “அஞ்சாயிரம் உசுரு அந்தப் பக்கம் இருக்குது சாமி. உங்கப்பாரு இருந்தாலும் அதத்தான் முதல்ல பாப்பாரு. டாக்டரக் கூப்புடு” என்றார்.

மருத்துவர் போனில் சொன்னதெல்லாம் எளிய விஷயம். அறுக்காதீர்கள், இறகு பிடுங்காதீர்கள். கையில் பாலித்தீன் பை மாட்டிக்கொண்டு இரட்டைப் பையில் போடுங்கள், ஐஸ் பைக்கு வெளியே இருக்கட்டும், தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் காலையில் கொண்டுவாருங்கள். பண்ணைக்குள் போகிறவர் கட்டுத்தரைப் பக்கம் வரவேண்டாம், தனிச் செருப்பு, கதவருகில் கிருமிநாசினித் தொட்டி. ஐஸுக்கும் பெட்டிக்கும் 80 ரூபாய் ஆனது. ஒருவேளை பறவைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லாமல் கூட்டமாகச் செத்தால் எடுத்துக்கொண்டே போகக் கூடாது, 1962-க்கு அழைத்து அவர்களை வரச் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் மாதிரி போபாலில் இருக்கும் உயர் பாதுகாப்பு ஆய்வகம் வரை போகும். அது நாம் பையில் தூக்கிப்போகிற காரியமல்ல.

காலையில் அறுத்துப் பார்த்ததில் கல்லீரல் வீங்கியிருந்தது. மேலே வட்டவட்டமாக, நடுவில் குழிந்த மஞ்சள் புள்ளிகள், காசை அழுத்தி எடுத்த தடம் போல. சீக்கம் என்று சொல்லும் இரட்டைக் குடல்பைகள் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி மாதிரி அடைத்திருந்தது. ஆங்கிலத்தில் பிளாக்ஹெட் என்பார்கள். கருந்தலை நோய் என்று சொல்லலாம், ஆனால் பெயரை நம்பித் தலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலும் தலை கறுப்பதே இல்லை. கந்தக மஞ்சள் எச்சம்தான் சரியான அடையாளம்.

வான்கோழி வளர்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் இது. நாட்டுக்கோழியின் சீக்கத்தில் இருக்கும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் இந்த நோய்க்கிருமி ஒளிந்திருக்கும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. எச்சத்தோடு மண்ணில் விழுந்தால் அந்த முட்டை வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மண்புழுவும் அதைத் தின்று வைத்திருக்கும். அந்த மண்ணில் வான்கோழி மேய்ந்தால் நோய் பிடித்துவிடும். அந்தச் சாளையில் இருபது நாட்டுக்கோழிகளும் வான்கோழிகளும் ஒரே கட்டுத்தரையில்தான் கிளறிக்கொண்டிருந்தன. நம் பக்கம் பத்தில் ஒன்பது வீட்டில் இப்படித்தான் இருக்கும். ஐந்து வருடம் தப்பித்ததே பெரிது.

கறிக்கோழிப் பட்டிக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்னபோது மருமகளுக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த கேள்வியை அவர் கேட்டார்: “வீட்ல வான்கோழிக் குஞ்சு இருக்குதுங்களா?”

இருந்தது. பெட்டை அடைகாத்து 28 நாளில் பொரித்த பதினொரு குஞ்சு, ஆறு வார வயது. இந்த நோய் வாரிக்கொண்டு போகும் வயதே அதுதான். சேவலைப் பிரீசரில் வைத்திருந்தால் குஞ்சுகள் அதே மண்ணில் மேய்ந்துகொண்டிருக்கும். அன்று மதியமே அவற்றைப் பிடித்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கம்பிவலை அடித்த பரணில் விட்டார்கள். கோழிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தார்கள். நோய்க்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கூடாது. முன்பு இதற்குப் பயன்பட்ட மருந்து வகையை, கறியில் தங்கும் என்பதால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உணவுப் பறவைகளுக்குத் தடை செய்துவிட்டார்கள். மருத்துவர் கையெழுத்தில்லாமல் எதுவும் வேண்டாம். பதினொன்றில் இரண்டு செத்தன, ஒன்பது தேறின.

சேவலை வேலியோரம் நாலடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். வால் இறகையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று பேரன் கேட்டான். நோய்ப் பறவையிலிருந்து ஒன்றும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார்.

நோயில்லாத சேவலைக் கறிக்கு அறுக்கும்போது வாலைப் பாதுகாப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான், ஆசைப்படுகிறவர்கள் செய்து பார்க்கலாம். வாலில் பெரிய இறகு பதினெட்டு இருக்கும். அடித்துண்டோடு வெட்டியெடுத்து, இறகு வேரை விட்டுவிடாமல் கறியையும் கொழுப்பையும் சுத்தமாகச் சுரண்டி, வெண்காரப் பொடியை அழுத்தித் தேய்த்து, விசிறி போல விரித்துத் தெர்மாகோல் பலகையில் குண்டூசி குத்தி நிழலில் மூன்று வாரம் உலர்த்த வேண்டும். இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் முடியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெண்காரம் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கொழுப்பு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் நாற்றமெடுக்கும், வண்டு வைக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டு, வருடத்துக்கொருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

உருவம் நிலைக்க வேண்டும் என்றால் தோலே தேவை என்பதும் இல்லை. 1612-ல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் அரசவைக்கு ஒரு வான்கோழி போனது. அவர் கண்டு அதிசயித்து வரையச் சொன்னார். ஓவியர் மன்சூர் வரைந்த அந்த வான்கோழி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் சிவந்த தலையோடு நிற்கிறது. நம் வீடுகளில் போன் கேமரா இருக்கிறது. மாட்டையும் கோழியையும் அது உயிரோடிருக்கும்போது யாரும் படமெடுப்பதில்லை. அந்த வீட்டில் சேவலின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலும் பாதி உடம்பை டி.வி.எஸ். 50 மறைத்திருந்தது.

இறகு இருந்த இடம் அப்பத்தாவுக்குத்தான் தெரியும். வருடாவருடம் சேவல் இறகு உதிர்க்கும்போது நீளமானதாகப் பார்த்துப் பொறுக்கி, ஓட்டுச் சந்தில் செருகி வைத்திருந்தார். மாட்டுப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவ. எடுத்துப் பார்த்தால் நன்றாக இருந்தவை பதினான்கு. மூன்றில் எண்ணெய்க் கறை. பேரன் அவற்றைச் சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, அட்டையில் ஒட்டினான். இடையில் நான்கு இடம் காலி. சட்டத்துக்கு 260 ரூபாய் ஆனது.

வான்கோழிகள் நின்ற கட்டுத்தரையை இனி கோழிக்கு மட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிணற்று மேட்டில், கோழி மேயாத இடமாகப் பார்த்து, ஒன்பதுக்கும் தனிக் கொட்டகை போட்டாகிவிட்டது. கோழிகளுக்கு அடுத்த குடற்புழு மருந்து கொடுக்க வேண்டிய தேதியை மருமகள் காலண்டரில் கறிக்கோழிப் பட்டி எடுக்கும் தேதிக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.